பூஜ்யம் காட்டிய பெட்டி

பிளாஸ்மா பூச்சு வேலைக்குப் புதிதாக வந்து சேரும் பிள்ளைகள் என்னை எங்கே பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்பார்கள். "மேடம், பவர் சப்ளை சும்மா சும்மா கட் ஆகிக் கட் ஆகி வருது. அதை எப்படி நிறுத்துறது?" கேட்கிறவர் முகத்தில், பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று போலீசில் புகார் கொடுக்க வந்தவரின் எரிச்சல் இருக்கும். திருடன் வந்தானா என்று அவர் பார்த்திருக்க மாட்டார். உங்களில் பலருக்கு நான் இதற்குச் சரியாகப் பதில் சொன்னதில்லை. இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன், நேரம் இருக்கிறது, சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில், விருதுநகரை விட்டு மல்லாங்கிணறு போகிற சாலையில் இருந்த ஒரு பூச்சுக் கம்பெனியில் மின்கட்டுப்பாடு என் பொறுப்பு. எவர்சில்வர் தட்டுக்கும் தம்ளருக்கும் தங்க நிறம் ஏற்றுவது எங்கள் தொழில். அதில் தங்கம் ஒரு பொட்டுகூடக் கிடையாது. காற்றை உறிஞ்சி எடுத்த இரும்பு அறைக்குள், அதாவது சேம்பருக்குள், ஒரு டைட்டானியம் தகடு இருக்கும். அதற்கு மின்சாரம் கொடுத்தால் எதிரே ஊதா நிறத்தில் பிளாஸ்மா எரியும். தகட்டிலிருந்து அணு அணுவாகப் பெயர்ந்து வரும் உலோகம், நாங்கள் அளந்து விடும் நைட்ரஜனோடு சேர்ந்து பாத்திரத்தின்மேல் படியும். தட்டு பொன்னாக மின்னும். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் தீபாவளிக்குத் தங்கள் டீலர்களுக்குப் பரிசு கொடுக்க எங்களிடம்தான் வருவார்கள்.

அந்தத் தகட்டிலோ பாத்திரத்திலோ தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் மின்சாரமெல்லாம் அந்த ஒரு புள்ளியில் கூடிப் பொறி தட்டும். ஆர்க் என்போம். நல்ல பவர் சப்ளை அதைக் கண்டதும், நாம் கண் இமைப்பதற்கு வெகு முன்னாலேயே, தன்னை நிறுத்திக்கொள்ளும். பொறி செத்ததும் மறுபடி ஓடும். ஓடிவிட்டு அதை ஒரு கணக்காக எண்ணி வைத்துக்கொள்ளும். முகப்பில் சிவப்பு எழுத்தில் அந்த எண் ஏறிக்கொண்டே போகும். அந்தப் பவர் சப்ளைப் பெட்டி விழித்திருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. எங்களுக்கு வந்து சேர்ந்த புது ஜெனரல் மேனேஜர் அதைக் குற்றப்பத்திரிகையாகப் படித்தார்.

அவர் கெட்டவர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரத்துக்கு வருவார், யாரையும் மரியாதை இல்லாமல் பேசமாட்டார், கம்பெனிக் காரில் கோயிலுக்குப் போகமாட்டார். இதற்கு முன் ஒரு பிஸ்கட் கம்பெனியில் இருந்தவர். அங்கே உடைந்த பிஸ்கட் என்ற ஒன்றே இல்லாமல் செய்தவர் என்று சொல்லி மதுரையிலிருந்த எங்கள் முதலாளி அவரை அழைத்துவந்தார். பிஸ்கட்டையே உடையாமல் காப்பாற்றியவருக்கு டைட்டானியம் எம்மாத்திரம்?

வந்த அன்று சேம்பர் ஹாலைச் சுற்றிப் பார்த்தவர் பவர் சப்ளை முன்னால் நின்றார்.

"இது என்ன நம்பர் மேடம்?"

"ஆர்க் எண்ணிக்கை சார். உள்ளே எத்தனை தடவை பொறி தட்டுச்சுன்னு காட்டுது."

"பொறியா?" ஓரடி பின்னால் வைத்தார். "சிவகாசியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இவ்வளவு பொறியா?"

சேம்பரை ஓட்டிக்கொண்டிருந்த ஆபரேட்டர் மாரியப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. "சார், எங்க அம்மா தீப்பெட்டிக் கம்பெனி, அப்பா பட்டாசுக் கம்பெனி. பொறியே வேண்டாம்னுதான் நான் இங்கன வந்தேன். இங்கனயும் இருக்கு. ஆனா இது சேம்பருக்குள்ளயே பொறந்து சேம்பருக்குள்ளயே செத்துருது, பயப்படாதீக."

ஜி.எம். பயப்படவில்லை. மறுநாள் காலையில் சுவரில் ஒரு சார்ட் தொங்கியது. தினசரி ஆர்க் எண்ணிக்கையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருந்தார். எங்கள் எண் எதற்கும் அடங்காமல் சார்ட்டுக்கு மேலே சுண்ணாம்புச் சுவரில் போய் நின்றது.

நான் விளக்கிப் பார்த்தேன். தகடு புதிதாக இருந்தால் எண் கூடும், சேம்பர் சுவரில் பழைய பூச்சு உரிந்து தூசி விழுந்தால் கூடும், பாத்திரத்தைச் சரியாகக் கழுவாவிட்டால் கூடும் என்றேன். எண்ணைக் குறைக்க வேண்டுமானால் சேம்பரை அடிக்கடி திறந்து சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும், புதுத் தகட்டை வெறும் சேம்பரில் கொஞ்ச நேரம் எரித்துப் பக்குவம் செய்ய வேண்டும், அந்த நேரத்தில் உற்பத்தி இருக்காது. கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அவர் பேனாவை மூடினார்.

"சீசன்ல உற்பத்தியை நிறுத்தச் சொல்றீங்களா?"

"நிறுத்தாம எண்ணைக் குறைக்க வழி இல்லை சார். எண் குறையும், ஆனா அப்பவும் பூஜ்யம் ஆகாது."

"பிஸ்கட்ல ஆச்சே மேடம்."

அந்த மாதம் முழுக்கக் காலைக் கூட்டம் இப்படியே முடிந்தது. பிஸ்கட்டோடு வாதாடிப் பார்த்திருக்கிறீர்களா? யாராலும் ஜெயிக்க முடியாது.

அச்சங்குளம் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருந்த ஒரு பெரியவர் அந்த வருடம் பெரிய ஆர்டர் கொடுப்பதாக இருந்தார். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள். ஆர்டர் கொடுக்குமுன் ஒரு தடவை வந்து வேலையை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பியதும் ஜி.எம்.முக்குத் தூக்கம் போய்விட்டது. பட்டாசுக்காரர் ஒருவர் வந்து நிற்கும்போது முகப்பில் பொறிக்கணக்கு ஓடினால் என்ன ஆகும்? பவர் சப்ளை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டு சர்வீஸ் இன்ஜினியரை வரவழைத்தார்.

வந்தவர் கோயம்புத்தூர்க்காரர், நல்ல வேலைக்காரர். மடிக்கணினியை மாட்டினார், ஏதோ தட்டினார், டீ ஆறுவதற்குள் எழுந்துவிட்டார். சிவப்பு எழுத்து பூஜ்யத்தில் நின்றது. சேம்பர் ஓடுகிறது, உள்ளே ஊதா எரிகிறது, பூஜ்யம் அசையவில்லை. ஜி.எம். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெளியே வந்து நான் கேட்டேன்: "என்ன சார் செஞ்சீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வோல்ட்டேஜ் எதுக்குக் கீழே விழுந்தா அதை ஆர்க்னு எடுத்துக்கணும்ங்கற அளவு ஒண்ணு இருக்குதுங்களே, அதைக் கீழே இறக்கி வச்சிட்டேனுங்க. இனி எது நடந்தாலும் அது கண்டுக்காது."

"உள்ளே ஆர்க் இருந்தா?"

"இருக்குமுங்க. அது பாட்டுக்கு எரியும். நான் சொல்லிப் பார்த்தேனுங்க. பொறுப்பு தன்னோடதுன்னு எழுதிக் கொடுக்கறேன்னு உங்க ஜி.எம். சொன்னார். நான் என்ன பண்ணட்டும்?"

இப்படித்தான் பிள்ளைகளே. பொறி அப்படியே இருந்தது, பெட்டியின் கண்ணைத்தான் கட்டினார்கள். அன்று சாயங்காலம் ஹாலில் லட்டு கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். லட்டு நன்றாகத்தான் இருந்தது.

நான் ஜி.எம். அறைக்குப் போய், பழைய அளவை வைக்காவிட்டால் தகடு கெடும், பாத்திரம் கெடும், அதைவிடப் பெரிதாகவும் ஏதாவது ஆகலாம் என்று சொன்னேன். "மேடம், உங்க அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா நெகட்டிவா யோசிக்காதீங்க" என்றார். அளவை மாற்றும் கடவுச்சொல்லை அதற்குள் அவரே வைத்துக்கொண்டிருந்தார். சரி, பெட்டிதான் குருடாயிற்று, மனிதன் ஒருவனாவது பார்க்கட்டும் என்று மாரியப்பனிடம், சேம்பரின் பார்வைக் கண்ணாடியை விட்டு நகராதே என்றேன். எதையும் அணைக்க வேண்டி வந்தால் நான் இருக்க வேண்டும் என்று என் மேசையை ஹாலுக்குள்ளேயே இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஜி.எம். அதை ஈடுபாடு என்று எடுத்துக்கொண்டு கூட்டத்தில் பாராட்டினார்.

அடுத்த லோடு தட்டுகள் கறுப்புப் புள்ளியோடு வந்தன. அம்மை போட்டு இறங்கிய முகம்போல இருந்தன. பொறி எரித்த தழும்பு அது. ஜி.எம். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பூஜ்யத்தைப் பார்த்தார். பூஜ்யம் பொய் சொல்லாது என்பதால் பாத்திரம் கழுவும் பெண்களைக் கூப்பிட்டுத் திட்டினார். அவர்கள் அடுத்த லோடை இன்னும் ஒரு தடவை தேய்த்துக் கழுவினார்கள். அதிலும் புள்ளி. மறுபடி திட்டு. அந்தப் பெண்களில் ஒருத்தி என்னிடம் வந்து, "அக்கா, நாங்க தேய்க்கிற தேய்ப்புல தட்டே கரைஞ்சு போகும்போல இருக்கு. அந்தப் பெட்டியை யாரும் திட்ட மாட்டீகளா?" என்று கேட்டாள். பெட்டியைத் திட்ட வேண்டிய காலத்தில் திட்டித் தீர்த்தாயிற்று, இப்போது அது பூஜ்யம் காட்டும் நல்ல பிள்ளை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அண்ணாச்சி ஒரு முற்பகலில் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒன்றும் இல்லை. பட்டாசு ஆலைக்காரர்கள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன், இன்னொரு இடத்துக்குள் நுழைந்தால் முதலில் வெளியே போகிற கதவு எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியைப் பார்ப்பார்கள். ஜி.எம். அவரை நேரே பவர் சப்ளை முன்னால் கூட்டிவந்தார்.

"பாருங்க அண்ணாச்சி, பூஜ்யம். எங்க சேம்பருக்குள்ள ஒரு பொறிகூடக் கிடையாது."

"அப்படியா? ரொம்ப நல்லதுய்யா. உள்ள பாக்கலாமா?"

மாரியப்பன் நகர்ந்து இடம் விட்டான். அண்ணாச்சி குனிந்து கண்ணாடியில் கண்ணை வைத்தார். பிறகு நிமிர்ந்து சிவப்புப் பூஜ்யத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"தம்பி, ஓரத்துல ஒண்ணு மத்தாப்பூ மாதிரி நின்னு எரியுதே, அது என்ன?"

ஜி.எம். சிரித்தார். "அது பிளாஸ்மா அண்ணாச்சி. நார்மல்."

"பிளாஸ்மா ஊதாவா இருக்கு. நான் சொல்றது வெள்ளையா நிக்குது. பொறி தெறிக்குது."

"மீட்டர்ல பூஜ்யம் பாருங்க."

"மீட்டரு சரி. எங்க ஆலையில இப்படி ஒண்ணு நின்னு எரிஞ்சா நாங்க மீட்டரைப் பாக்க மாட்டோம்." சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, அவசரப்படாமல், ஆனால் ஓரிடத்திலும் நிற்காமல், ஹாலை விட்டு நடந்து கேட்டுக்குப் போய்விட்டார். ஜி.எம். கையை நீட்டியபடி நின்றார்.

நான் கண்ணாடிக்கு ஓடினேன். தகட்டின் ஓரத்தில் ஒரே இடத்தில் ஆர்க் குந்தியிருந்தது. அந்த ஓரத்துக்குப் பின்னால்தான் தகட்டைக் குளிரவைக்கும் தண்ணீர் ஓடுகிறது, அதை உள்ளே வராமல் நிறுத்துவது ஒரு ரப்பர் வளையம். மாரியப்பன் கூப்பிட்டான்: "அக்கா, வெற்றிட மீட்டர் ஏறுது!" சேம்பருக்குள் அழுத்தம் கூடுகிறது என்றால் எங்கிருந்தோ எதுவோ உள்ளே வருகிறது. ரப்பர் போய்விட்டது. தண்ணீர்.

இந்த மாதிரி நேரத்தில் கை எங்கே முதலில் போகிறது என்பதுதான் உங்கள் முழுத் தொழில். முதலில் பவர். அணைத்தேன். பூஜ்யம் காட்டிய சிவப்பு விளக்கும் அணைந்தது. அடுத்து, சேம்பருக்கும், அதிலிருந்து காற்றை உறிஞ்சக் கீழே இருக்கும் பெரிய பம்புக்கும் நடுவில் உள்ள வால்வு. அந்தப் பம்பு கொதிக்கிற எண்ணெயில் ஓடுவது, மேலே இருந்து காற்றோ நீராவியோ அதன்மேல் பாய்ந்தால் எண்ணெய் கெடும், காற்று நிறையப் பாய்ந்தால் தீயே பிடிக்கலாம். வால்வை மூடினேன். பிறகுதான் தண்ணீர்க் குழாய். அதை மாரியப்பன் திருகி அடைத்தான். உள்ளே இருந்த தட்டுகளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நினைத்திருந்தால் வரிசை மாறியிருக்கும்.

ஜி.எம். தட்டுகளைப் பற்றி மட்டும்தான் நினைத்தார்.

"மேடம், என்ன பண்ணிட்டீங்க! பார்ட்டி வெளியே நிக்கிறார். உடனே சேம்பரைத் திறங்க, தட்டை எடுத்துத் துடைச்சு ஒண்ணு ரெண்டாவது காட்டிடலாம்."

"இப்பத் திறக்கக் கூடாது சார். உள்ளே தண்ணியும் சூடான தகடும் இருக்கு. பம்ப் எண்ணெய் கொதிச்சுக்கிட்டு இருக்கு. திறக்கணும்னா உள்ளே காத்து விடணும், பம்ப் வால்வு ஒழுங்காப் பிடிச்சிருக்கான்னு தெரியாம அதை விட முடியாது. ஆறணும்."

"எவ்வளவு நேரம்?"

"ஆறுற நேரம்."

அவர் என்னை விட்டுவிட்டு மாரியப்பனிடம் திரும்பினார். "நீ காத்தை விடுப்பா."

மாரியப்பன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். அவனுக்கு வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், வேலை நிரந்தரம் ஆகவில்லை. கை காற்று வால்வின் பக்கம் போனது. நான் அந்த வால்வுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன். சத்தம் போடவில்லை. "சார், திறக்கிறதுன்னா நீங்களே திறங்க. நாங்க ரெண்டு பேரும் அண்ணாச்சி நிக்கிற இடத்துக்குப் போயிடறோம்" என்றேன்.

ஜி.எம். வால்வைப் பார்த்தார். திறந்த கதவு வழியாகக் கேட்டைப் பார்த்தார். அண்ணாச்சி தன் கார்க் கதவைத் திறந்து வைத்து, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்தே கத்தினார்: "ஏலே, யாரும் எதையும் தொடாதிக! அந்தம்மா சொல்றதைக் கேளுங்க! அம்புட்டு அவசரம்னா மேனேஜரு மட்டும் உள்ள இருக்கட்டும்!"

ஜி.எம். வால்வைத் தொடவில்லை. நாங்கள் எல்லோரும் வெளியே வந்து வெயிலில் நின்றோம். பம்பு ஆறும்வரை நின்றோம். சோடா வாங்கிவரச் சொல்லி அண்ணாச்சிக்குக் கொடுத்தார்கள். அவர் குடிக்காமல் எனக்கு நீட்டினார். வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன்.

திறந்தபோது சேம்பர் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. தகட்டின் ஓரம் மெழுகுபோல உருகி, ரப்பர் வளையம் கரியாகியிருந்தது. தட்டுகள் பழைய வெண்கலச் சட்டியின் நிறத்தில் இருந்தன. பம்புக்கு மேலிருந்த வால்வை அப்போது நன்றாகத் திருப்பிப் பார்த்தோம், அதன் ரப்பரிலும் ஒரு வெட்டு. காற்றை விட்டிருந்தால் அது பிடித்திருக்குமா பிடித்திருக்காதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதில் எனக்கு வருத்தமும் இல்லை.

முதலாளி மதுரையிலிருந்து வந்தார். ஜி.எம். ரொம்பத் தெளிவாக விளக்கினார்: "ஆர்க்கைக் கண்டுபிடிக்க வேண்டிய பவர் சப்ளை கண்டுபிடிக்கத் தவறிடுச்சு சார். மேடம் பதட்டத்துல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டாங்க." அந்தப் 'பதட்டம்' நீங்கலாக ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் அதன் அழகு. முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் பேசுவதைவிடக் காட்டுவது மேல் என்று நினைத்து, கடவுச்சொல்லைப் போட்டுத் தரும்படி ஜி.எம்.மைக் கேட்டேன். முதலாளி முன்னால் மறுக்க முடியாமல் போட்டார். புதுத் தகடும் வளையமும் மாட்டி வெறும் சேம்பரை ஓட்டினோம். அந்த அளவைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். சிவப்பு எழுத்து உயிர் வந்ததுபோல ஓட ஆரம்பித்தது. முதலாளி பூஜ்யம் இருந்த இடத்தையும் ஓடுகிற எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வியாபாரி. மறைத்து வைத்த சரக்கைக் காட்டினால் அவருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

"ஓ, ரிப்பேர் ஆயிடுச்சா? நல்லது" என்றார் ஜி.எம். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு வேலை போகவில்லை. பிஸ்கட்டில் அவர் செய்தது உண்மைதானே.

அண்ணாச்சி ஆர்டரைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் போனில் என்னைக் கேட்டார்: "ஏம்மா, அந்த நம்பரு இப்ப ஓடுதா?"

"ஓடுது அண்ணாச்சி. சுத்தம் பண்ணிட்டு வர்றோம், குறைஞ்சுக்கிட்டு வருது."

"அப்ப ஆர்டரைப் போடுதேன். ஒவ்வொரு லோடுக்கும் அந்த நம்பரை ஒரு சீட்டுல எழுதி அனுப்புங்க. பூஜ்யம்னு எழுதி வந்துச்சுன்னா சரக்கை எறக்க மாட்டேன்."

ஜி.எம். அதை அப்படியே தன் திட்டமாக ஆக்கிக்கொண்டார். சுவரில் புது சார்ட் வந்தது. 'உண்மை எண்ணிக்கை இயக்கம்' என்று தலைப்பு. கூட்டத்தில், மறைக்காமல் சொல்வதுதான் தரம் என்று அரைமணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். மாரியப்பன் கைதட்டினான், எனக்கும் தட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு சேம்பரைச் சுரண்டிச் சுத்தம் செய்ய நான் நேரம் கேட்டால் கிடைத்தது. புதுத் தகட்டைப் பக்குவம் செய்யவும் கிடைத்தது. கழுவும் பெண்கள்மேல் திட்டு விழவில்லை. தட்டுகள் புள்ளி இல்லாமல் வந்தன. எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது, அதற்கான காரணம் மட்டும் தப்பு. இந்தத் தொழிலில் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

சீசன் முடிகிற நேரத்தில் ஒருநாள் ஜி.எம். ஹாலுக்கு வேகமாக வந்தார். முகம் சரியில்லை.

"மேடம், ஒரு பிரச்சினை. இன்னைக்கு நம்பர் ரொம்பக் கம்மியா இருக்கு."

"ஆமா சார். சேம்பர் அவ்வளவு சுத்தமா இருக்கு. கழுவினதும் நல்லாக் கழுவியிருக்காங்க."

"எனக்குப் புரியுது மேடம். அண்ணாச்சிக்குப் புரியணுமே? சீட்டைப் பார்த்துட்டு நாம மறுபடி அமுக்கிட்டோம்னு நினைச்சா?" சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் கூட்டி வைக்க வழி இருக்கா?"

நான் அவரைப் பார்வைக் கண்ணாடிக்குக் கூட்டிப்போனேன். வந்த நாளிலிருந்து அவர் அதில் ஒரு தடவைகூடக் கண் வைத்ததில்லை. குனிந்து பார்த்தார். உள்ளே ஊதா ஒரே சீராக, ஒரு சுருக்கம் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அதன் நடுவே தட்டுகள் மெல்லச் சுற்றிப் பொன்னாகிக்கொண்டிருந்தன. அவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"ரொம்ப அழகா இருக்கு மேடம்" என்றார், நிஜமாகவே. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"அப்போ... ஒரு பத்தாவது கூட்டி?"